காவிரிப் பாலத்தில் ஓர் இரவு



ஒரு பாட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத நேரும் என்று நான் நினைத்ததே இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக மத்ரஸாவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவள் ஆதலால் பாட்டு எனக்கு அந்நியமானதன்று. ஆயினும் திரைப்பாட்டு எங்கள் வீட்டில் உரக்க ஒலித்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில், சென்ற ஆடி மாதம், ஒரு பாட்டு என்னை மூன்று இரவுகள் உறங்கவிடாமல் செய்தது. அந்தக் கதையைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

என் மூத்த மகள் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டாள். அவளுடைய தோழியர் மூவர். ஒருத்தி நம் சமுதாயப் பெண். ஒருத்தி பாலக்கரையைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண். இன்னொருத்தியின் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில். அந்த ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் புறப்பட இருந்தாள். நால்வரும் ஒன்றாய் இருக்கப்போகும் கடைசி மாலை அது. அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: மஃரிபுக்குப் பின் ஸ்ரீரங்கத்துத் தோழி வீட்டுக்குச் சென்று சாப்பிடுவது, பிறகு மாம்பழச்சாலை வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து காவிரிப் பாலத்தின் மேல் நடந்தே சிந்தாமணிக்கு வருவது, இரவு ஒன்பதரை மணிக்குள் வீடு திரும்புவது.

திருச்சிக்காரர்களுக்குக் காவிரிப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். 1976ஆம் ஆண்டு கட்டிய பாலம். அரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். மாலையானால் ஊரே அங்கே காற்று வாங்க வந்துவிடும். ஆடி மாதத்தில் கீழே தண்ணீர் நிறைந்து ஓடும். மேலே காற்று ஆளைத் தள்ளும். தெற்கே மலைக்கோட்டையின் விளக்குகள், வடக்கே 1987இல் கட்டி முடித்த ராஜகோபுரத்தின் விளக்குகள். எழில்மிக்க இடந்தான். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் அந்த நடைபாதையில் நிற்பவர்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்கள், இல்லையேல் குடும்பத்தோடு வந்தவர்கள். பெண்கள் தமக்குள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சும்மா காற்று வாங்க நிற்பதைக் காண்பது அரிது.

"கூடாது" என்றேன் நான். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிற்று.

மகள் கோபித்துக் கொள்ளவில்லை. கைப்பேசியை எடுத்து ஒரு பாட்டைப் போட்டாள். 'சிங்கப்பெண்ணே' என்ற அந்தப் பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2019ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த 'பிகில்' படத்துப் பாட்டு. விவேக் எழுத, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்துத் தாமே ஷாஷா திருப்பதியுடன் சேர்ந்து பாடியது. அது வந்த நாள் முதல் தமிழ்நாட்டில் மகளிர் தின மேடை எதுவும் அதைப் பாடாமல் முடிந்ததில்லை எனலாம்.

"நினைவிருக்கிறதா அம்மா?" என்றாள். நினைவிருந்தது. 2020 மார்ச் மாதம், ஊரடங்கு வருவதற்குச் சில நாட்களுக்கு முன், அவள் படித்த பள்ளியில் மகளிர் தின விழா. என்னையும் அழைத்து மேடையில் அமர்த்தியிருந்தார்கள். பிள்ளைகள் இந்தப் பாட்டைச் சேர்ந்து பாடினார்கள், நானும் கைதட்டினேன். விழா மாலை நான்கு மணிக்கே முடிந்தது. இருட்டுவதற்குள் பெண்பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும் அல்லவா!

"மேடையில் எங்களைச் சிங்கம் என்று பாட வைத்தீர்கள். பாலத்தில் நடக்கிறோம் என்றால் ஆட்டுக்குட்டி ஆக்குகிறீர்களே அம்மா!"

சகோதரிகளே, பதில் சொல்ல முடியாத கேள்வியைப் பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன செய்வோம்? "அத்தாவிடம் கேள்" என்போம். நானும் அதையே செய்தேன்.

அவளுடைய அத்தா பெரிய கடைவீதியில் கடை வைத்திருப்பவர், கடிந்து பேசாதவர். கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்?"

அந்த 'நாலு பேர்' யார் என்று நான் அன்றிரவு எண்ணத் தொடங்கினேன். எண்ணியபோது, அந்த நால்வரில் ஒருத்தியாக நானே நின்றிருந்தேன்.

* * *

பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. நான் பணிபுரிந்த ஒரு பெண்கள் மத்ரஸாவில் மூன்றாம் ஆண்டு ஓதிக் கொண்டிருந்தாள் ஒரு மாணவி. கிராஅத் ஓதினால் கேட்பவர் கண்ணில் நீர் வரும். ஒரு நாள் உறவினர் வீட்டு வலீமா விருந்துக்குச் சென்றவள், விருந்து முடிந்ததும் தன் ஒன்றுவிட்ட சகோதரிகள் இருவரோடு இதே காவிரிப் பாலத்தில் சிறிது நேரம் நின்றிருக்கிறாள். மணி ஒன்பது. மூவரும் புர்காவில். உடன் வேறு யாரும் இல்லை. யாரோ பார்த்திருக்கிறார். பார்த்தவர் பார்த்ததை மட்டும் சொன்னாரா? 'மூன்று பெண்கள்' என்பது மறுநாள் 'சில பையன்களும்' ஆயிற்று. அதற்கடுத்த நாள் பெயர்களும் ஊர்களும் சேர்ந்துகொண்டன.

நிர்வாகத்தில் பேச்சு வந்தது. ஆசிரியைகளிடமும் கேட்டார்கள். அவளை எனக்குத் தெரியும். அவள் மீது ஒரு குறையும் இல்லை என்பதும் தெரியும். "அவள் என் மாணவி, நான் பொறுப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்து கொண்டேன். புதிய ஆசிரியை, வேலை போய்விடுமோ என்ற அச்சம். யாரும் அவளை நீக்கவில்லை. அவளுடைய பெற்றோரே வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டு திருமணம். ஆலிமா ஆக வேண்டியவள், அரைகுறையாகக் கிதாபை மூடிவைத்துவிட்டுப் போனாள்.

இதை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லக் காரணம், உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பெண் இருக்கலாம். அவளுக்காகத் தலை குனிந்து கொண்ட ஓர் ஆசிரியையும் இருக்கலாம்.

* * *

இரண்டாம் நாள் மகள் வேறொரு பாட்டைக் காட்டினாள். அது இந்திப் பாட்டு. பக்கத்து வீட்டு உருது பேசும் காலாம்மா அருகிலிருந்து பொருள் சொன்னார். 'மன் கே மஞ்சீரே' என்று பெயர். மனத்தின் சதங்கைகள் என்று பொருள் சொல்லலாம். 2000ஆம் ஆண்டில், 'பிரேக்த்ரூ' என்ற மனித உரிமை அமைப்பின் முயற்சியில் வெளிவந்த இசைத்தொகுப்பு. பிரசூன் ஜோஷி எழுத, சாந்தனு மொய்த்ரா இசையமைக்க, ஹிந்துஸ்தானி இசை மேதை சுபா முத்கல் பாடியது. திரைப்படம் எதிலும் சேராத தனிப்பாட்டு.

அதன் காட்சியில் மீதா வசிஷ்ட் என்ற நடிகை லாரி ஓட்டுகிறார். கணவனின் கொடுமை பொறுக்காமல் வீட்டைவிட்டு வெளியேறிய பெண் அவள். வழியில் பெண்கள் ஏறிக் கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், ஆடுகிறார்கள். இது வெறுங்கற்பனையும் இல்லை. குஜராத்தில் துன்பமான திருமண வாழ்விலிருந்து விடுபட்டு, வாகனம் ஓட்டிப் பிழைத்த ஒரு முஸ்லிம் சகோதரியின் வாழ்வே அந்தக் காட்சிக்கு அடிப்படை. அதைக் கேட்டதும் காலாம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டு இருக்கட்டும். அந்தப் பெண் ராத்திரியில் லாரியை எங்கே நிறுத்தித் தூங்கியிருப்பாள்?" என்று கேட்டார்.

எழுபது வயதுக் காலாம்மாவின் அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றிற்று. பாட்டு பெண்ணை உற்சாகப்படுத்தலாம். ஆனால் பாட்டு முடிந்த பிறகு அவள் நடக்க வேண்டிய சாலை ஒன்று இருக்கிறதே! 'பிகில்' படம் பெண்கள் கால்பந்து அணியைப் பற்றியது. ஆயினும் நாயகன் பயிற்சியாளர்தான். "நீ சிங்கம்" என்று பெண்ணிடம் பாடுவது எளிது. அவள் நடக்கும் வழியைச் சீராக்கிக் கொடுப்பதுதான் கடினம்.

தாய்மார்களின் அச்சமும் பொய்யன்று. 2012 டிசம்பர் 16ஆம் நாள் இரவு டெல்லியில் படம் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறிய ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை எந்தத் தாயால் மறக்க முடியும்? ஆனால் 2024 ஆகஸ்டு 9ஆம் நாள் கொல்கத்தாவில் கொல்லப்பட்ட இளம் மருத்துவரோ ஊர் சுற்றப் போகவில்லை. மருத்துவமனைக்குள்ளேயே இரவுப் பணியில் இருந்தவர். அதன் பின் ஆகஸ்டு 14 நள்ளிரவில் வங்காளத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாகத் தெருவில் இறங்கி, இரவும் எங்களுடையதே என்று நடந்தார்கள். வீட்டில் அடைத்து வைப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடும் என்றால், பணியிடத்தில் இருந்த அந்தப் பெண் ஏன் பாதுகாக்கப்படவில்லை? நான் எனக்கே கேட்டுக் கொண்ட கேள்வி இது.

* * *

மூன்றாம் நாள் இரவு கிதாபைத் திறந்தேன். எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு நடத்திய ஹதீஸ்கள்தாம். ஆனால் நமக்கே தேவை வரும்போது படிப்பது வேறு விதம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரமளானின் கடைசிப் பத்தில் பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது, ஒரு இரவு அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் பார்க்கச் சென்றார்கள். பேசிவிட்டுத் திரும்புகையில் நபியவர்களும் எழுந்து உடன் நடந்தார்கள். வழியில் அன்சாரிகள் இருவர் கண்டு விரைந்து நடந்தபோது, நிற்கச் சொல்லி, இவர் என் துணைவி ஸஃபிய்யா என்று அறிவித்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. ஷைத்தானின் ஊசலாட்டத்திலிருந்து எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்பதற்கு நாம் இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். அன்று எனக்கு வேறொன்றும் தென்பட்டது. நாலு பேர் ஏதேனும் நினைத்துவிடுவார்களே என்று அன்னையாரின் இரவு வருகையை நபியவர்கள் தடுக்கவில்லை. உடன் நடந்தார்கள், பார்த்தவர்களிடம் உண்மையைச் சொல்லி வதந்திக்கு வாயில் அடைத்தார்கள். என் மாணவிக்கு நான் செய்யத் தவறியதும் இதுதான் அல்லவா?

இன்னொன்று, அதிய்யு பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் அறிவிப்பது. வழிப்பறியைப் பற்றி ஒருவர் முறையிட்ட வேளையில், ஹீராவிலிருந்து ஒரு பெண் புறப்பட்டு, அல்லாஹ்வைத் தவிர வேறெவருக்கும் அஞ்சாமல் வந்து கஅபாவை வலம் வரும் காலம் வரும் என்று நபியவர்கள் முன்னறிவித்தார்கள். அதைத் தம் கண்ணாலேயே பின்னாளில் கண்டதாக அதிய்யு சொல்கிறார். பயணத்துக்குரிய சட்டங்களை மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். அதற்குள் நான் புகவில்லை. நான் கவனித்தது ஒன்றுதான். நாடு நன்றாயிருக்கிறது என்பதற்கு அடையாளமாகச் சொல்லப்பட்டது, அச்சமின்றிச் சாலையில் வரும் ஒரு பெண்.

நம் ஊரிலும் இதற்கொரு சான்று உண்டு. 1689 முதல் 1706 வரை, சிறுவனான தன் பேரனுக்காகத் திருச்சியிலிருந்து ஆண்டவர் ராணி மங்கம்மாள். அவர் பெயரைச் சொன்னால் இன்றும் மக்கள் நினைவுகூர்வது சாலைகளையும் சத்திரங்களையும்தான். வழிப்போக்கர் இரவில் எங்கே தங்குவார் என்று அந்தப் பெண்மணி யோசித்திருக்கிறார். எங்கள் காலாம்மாவின் கேள்விதான் அதுவும்!

யோசித்துப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் பெண்கள் விடிய விடிய நடக்கிறார்கள். நத்ஹர் வலி தர்காவின் உரூஸ் நாட்களில் நம் பெண்கள் இரவில் கூட்டமாய்ப் போய் வருகிறார்கள். ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழுதுவிட்டுச் சிரித்துப் பேசியபடியே தெருவில் வருகிறோம். அப்போதெல்லாம் நாம் அஞ்சுவதில்லை. காரணம், தெருவில் நம்மைப் போல் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். பெண்கள் இல்லாத தெருவில்தான் பெண்ணுக்கு அச்சம். அச்சத்தால் பெண்கள் வராததால் தெரு இன்னும் வெறிச்சோடுகிறது.

* * *

மறுநாள் காலை நான் முதலில் உறையூருக்குப் போனேன். என் பழைய மாணவி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏழு வயதில் ஒரு மகள். பத்து ஆண்டுகளுக்குப் பின் வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "வாங்க உஸ்தாபி" என்றாள். தேநீர் தந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் முகத்தில் எதையும் காட்டவில்லை. "அதெல்லாம் முடிந்து போனது உஸ்தாபி" என்றாள். முடிந்து போகவில்லை என்பது அவள் குரலில் தெரிந்தது. "இன்று இரவு என்னோடு பாலத்துக்கு வருகிறாயா?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, கணவரைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டாள். அவர் சம்மதித்தார்.

மகளிடம் சொன்னபோது அவளுக்கு மகிழ்ச்சி. கூடவே ஒரு தயக்கம். "நீங்களும் கூடவே வந்தால் நாங்கள் எப்படியம்மா பேசுவது?" நியாயமான கேள்வி. பிள்ளைகள் முன்னே நடக்கட்டும், நானும் என் மாணவியும் பாலத்தின் நடுவில் ஓரிடத்தில் நின்று கொள்கிறோம் என்று முடிவாயிற்று.

2021 மே மாதம் மகளிருக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்துப் பயணம் வந்தது முதல், நம் பெண்கள் கணவனிடம் காசு கேட்காமல் ஊருக்குள் போய்வரப் பழகியிருக்கிறார்கள். மாலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் பிள்ளைகள் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறினார்கள். உத்திர வீதி வீட்டில் தோழியின் தாயார் நம் பிள்ளைகளுக்குத் தொழ ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, இஷா தொழுத பிறகே இலை போட்டாராம். அந்தச் சகோதரிக்கு இறைவன் நற்கூலி வழங்குவானாக.

எட்டரை மணி. ஆடிக் காற்று புர்காவைப் பிடித்து இழுத்தது. நான்கு பெண்களும் கைகோத்துக் கொண்டு வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். வேர்க்கடலை வாங்கினார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்தார்கள். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவ்வளவுதான்.

அப்போது மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் மூவர் அவர்கள் அருகே வேகத்தைக் குறைத்து, கேலியாக ஒரு பாட்டைப் பாடினார்கள். எந்தப் பாட்டு என்று நினைக்கிறீர்கள்? அதே 'சிங்கப்பெண்ணே'! என் நெஞ்சு படபடத்தது; ஓடப் பார்த்தேன். அதற்குள் கடலை விற்ற மூதாட்டி எழுந்து, "உங்கள் அக்கா தங்கச்சியைப் பார்த்து இப்படித்தான் பாடுவீர்களா?" என்று உரக்கக் கேட்டார். நின்றிருந்த குடும்பத்தவர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி பறந்துவிட்டது. பிள்ளைகள் ஓடவில்லை. ஒரு நிமிடம் பேசாமல் நின்றார்கள், பிறகு நடந்தார்கள்.

மேடையில் பெண்ணைப் புகழும் பாட்டே தெருவில் கேலியாகிவிடுகிறது. ஆகவே பெண்பிள்ளைகளுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது, சகோதரிகளே. அந்த மூன்று இளைஞர்களுக்கும் வீட்டில் தாயார் இருக்கிறார்கள். நம் ஆண்பிள்ளைகள் இரவில் எங்கே போகிறார்கள், யாரைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று நாம் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா?

என் மாணவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: "அன்றும் நாங்கள் பார்த்தது இவ்வளவுதான் உஸ்தாபி. தண்ணீர், காற்று, மலைக்கோட்டை விளக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக் கொண்டேன். சொல்ல வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "என் மகளை உங்களிடம் ஓதச் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். யார் என்ன சொன்னாலும், அவள் ஓதி முடிக்கும் வரை நீங்கள் விட்டுவிட மாட்டீர்களே?"

விடமாட்டேன் என்று அல்லாஹ்வின் பெயரால் வாக்குக் கொடுத்தேன்.

பாலம் முடிந்து சிந்தாமணிப் பக்கம் இறங்கியபோது, அங்கே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என் கணவர் நின்றிருந்தார். நான் வரச் சொல்லவில்லை. கடையை அரை மணி முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருக்கிறார். "எவ்வளவு நேரமாய் நிற்கிறீர்கள்?" என்றேன். "இப்போதுதான் வந்தேன்" என்றார். அவர் கையிலிருந்த கடலைப் பொட்டலம் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. பாலக்கரைப் பெண்ணின் வீடு வரை ஆட்டோ வைத்துக் கொடுத்து, உறையூர்ப் பேருந்தில் என் மாணவியை ஏற்றிவிட்ட பிறகே அவர் வீடு திரும்பினார். மறுநாள் கடைவீதியில் ஒருவர், "நேற்றுப் பாலத்தில் உங்கள் மகளைப் பார்த்தேனே" என்று இழுத்தாராம். "ஆமாம், நானும் அங்கேதான் இருந்தேன்" என்றாராம் இவர். பேச்சு அதோடு முடிந்தது.

சகோதரிகளே, எல்லாப் பெண்களும் எல்லா இரவும் வெளியே போக வேண்டும் என்று நான் எழுதவில்லை. யாரோடு போகிறாள், எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள் என்று கேளுங்கள். கேட்பது நம் கடமை. ஆனால் கேட்டு, பதிலில் குறையில்லை என்று கண்ட பிறகும், முகம் தெரியாத நாலு பேருக்காக "கூடாது" என்று சொல்லாதீர்கள். சொல்லத்தான் வேண்டுமென்றால் அந்த நாலு பேரிடம் சொல்லுங்கள். நான் பத்து ஆண்டுகளுக்கு முன் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையை நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

உறையூர்ப் பிள்ளை இப்போது என்னிடம்தான் ஓதுகிறாள். தாயின் குரல் அப்படியே வாய்த்திருக்கிறது. அவள் ஓதி முடிக்கும் நாளைக் காண வல்ல அல்லாஹ் எனக்கு ஆயுளைத் தருவானாக! நம் பெண்மக்கள் அவனுக்கன்றி வேறெவருக்கும் அஞ்சாமல் நடக்கும் சாலைகளை நம் ஊர்களுக்கு அருள்வானாக! ஆமீன்.